மங்கலதேவி மலை வேலையில் செய்யக்கூடாத தவறுகள்

இந்தச் சித்திரைக்கு மங்கலதேவி மலைக் கோயில் விழாவில் தண்ணீர்ப் பந்தல் வேலைக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் அடிக்கக் கொடுத்திருந்த நோட்டீஸைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடம் முன்பு நான் செய்த அதே தவறு. பிளாஸ்டிக் கொண்டுபோகாதே, இருட்டுமுன் இறங்கிவிடு என்பதையெல்லாம் வனத்துறையே சொல்லிவிடும். அதை விடுகிறேன்.

ஒரே பெயரைப் போடுவது

தேனி, இடுக்கி மாவட்ட எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது கோயில். வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பார்கள். கம்பம், கூடலூரில் கேட்டால் கண்ணகி கோயில். கேரளப் பக்கம் குமுளியில் கேட்டால் மங்களாதேவி. நமக்கு மதுரையை எரித்துவிட்டு வந்தவள், அவர்களுக்குப் பகவதி. அன்று தமிழ் முறையிலும் பூஜை உண்டு, கேரள முறையிலும் உண்டு. கோயில் யாருடைய எல்லைக்குள் என்ற தகராறு இன்னும் தீரவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் 'கண்ணகி கோயில் விழா' என்று தமிழில் மட்டும் பிளெக்ஸ் அடித்து, குமுளியிலேயே கொண்டுபோய்க் கட்டினேன். ஜீப்பும் தண்ணீர் கேனும் தருவதாகச் சொன்ன நண்பர் மறுநாள் போனை எடுக்கவில்லை. வீட்டுக்கே போனேன். கட்டன்சாயா கொடுத்தார். டம்ளரைப் பார்த்தபடியே, "எங்க அம்மையோட பேரு அதுல இல்லையே அண்ணா" என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் ஜீப் வரவில்லை. தமிழகப் பக்க அடிவாரமான பளியன்குடியிலிருந்து வெயிலில் ஏறி வந்தவர்களுக்கு எங்கள் பந்தலில் பாதி நாளிலேயே தண்ணீர் தீர்ந்தது. அவர் மறுபடி எங்களோடு உட்கார்ந்து பேச இரண்டு வருடம் ஆனது. அச்சுக்குக் கொடுக்கும்முன் அவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் போதும், பத்து நிமிட வேலை. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

பிள்ளைகளின் நோட்டீஸை அன்றைக்கே திருத்தினோம். இரண்டு பெயரும், தமிழிலும் மலையாளத்திலும்.

தமிழ்தான் தெரியுமே என்பது

குமுளிக்காரர்களுக்குத் தமிழ் பேசினால் புரியும். எழுதியதைப் பலரால் படிக்க முடியாது.

நாள் குறிப்பது

தமிழ், மலையாளம் இரண்டு காலண்டரையும் பாருங்கள். 2023-ல் நமக்குச் சித்திரை 1 ஏப்ரல் 14-ல் வந்தது, அவர்களுக்கு விஷு 15-ல்.

அணைப் பேச்சு

விழாக் கூட்டத்தில் எடுக்கவே வேண்டாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி வழி அடைபட்டது. மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் ஜீப் ஏறுகிற கம்பத்துப் பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் இருந்தார்கள். மேலே காய் எடுக்க ஆள் இல்லை.