எலிக்கூண்டை நடு அறையில் வைக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் என் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு வாரமாக எலிக்கூண்டு இருந்தது. உள்ளே தொங்கவிட்ட மசால்வடை காய்ந்து கல்லாகிவிட்டது. எலியோ இரவுதோறும் அரிசி மூட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. "வடை பிடிக்கவில்லை போலிருக்கிறது, காசிமேட்டிலிருந்து கருவாடு வாங்கி வைக்கிறேன்" என்றார் அத்தை. கோளாறு வடையில் இல்லை. கூண்டு சமையலறையின் நடுவில் இருந்தது. எலி அந்தப் பக்கம் வருவதே இல்லை.

எலிக்குப் பார்வை மங்கல். மீசைமுடி சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்க, ஓரமாகத்தான் ஓடும். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தபோது அதன் பாதை தெரிந்தது: சுவரின் அடியில் விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கான கறுப்புக் கறை. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் தொடங்கி, தண்ணீர் டிரம்மைச் சுற்றி, மூட்டை வரை போயிற்று. தினமும் ஒரே வழியில் உடம்பு உரசிப் போனதன் தடம் அது. கறை தெரியாத வீடுகளில் இரவு படுக்குமுன் சுவரோரம் கோலமாவை மெல்லியதாகத் தூவிப் பாருங்கள். காலையில் கால்தடமும் நடுவே வால் இழுத்த கோடும் இருக்கும். கூண்டின் வாய் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும்.

எலி வாசனையை மட்டுமே பின்தொடர்கிறது என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். அதன் மோப்பம் கூர்மையானதுதான். ஆனால் இரை தேடிச் சுற்றுவதற்கு இடஞாபகத்தையும் அது பெரிதாக நம்புகிறது. 1976-இல் டேவிட் ஓல்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாவும் நடுவிலிருந்து எட்டுப் பக்கமும் கைபோல நீளும் பாதைகள் கொண்ட மேடை ஒன்றைச் செய்து, ஒவ்வொரு கையின் முனையிலும் இரை வைத்தார்கள். பழகிய எலிகள், தின்று முடித்த கைக்குத் திரும்பாமல் புதிய கைகளுக்கே போயின. முதல் எட்டு முயற்சியில் சராசரியாக ஏழுக்கும் மேற்பட்ட கைகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தன. சவர லோஷன் தெளித்து மோப்பத்தைக் குழப்பியபோதும் அவை தடுமாறவில்லை. எலியின் மூளையில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் உண்டு என்பதை 1971-லேயே நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓகீஃப் காட்டியிருந்தார். 2014-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். உங்கள் சமையலறையின் வரைபடம் எலியின் தலைக்குள் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஆகவே, குப்பைக்கூடையை இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு எலி மறந்துவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். அது வரிசையாகச் சுற்றிப் பார்க்கும் இடங்களில் அந்தக் கூடையும் ஒன்று. அரிசி, பருப்பு, நாய்க்கு வைத்த மிச்சச் சோறு எல்லாவற்றையும் தகர டப்பாவிலோ மூடிக்குள்ளோ ஒரே நாளில் கொண்டுபோனால்தான் பலன்.

இன்னொரு தவறு அவசரம். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் பல நாள் விலகியே போகும். சுண்டெலி அப்படியில்லை, முதல் இரவே எட்டிப் பார்க்கும். சுண்டெலியைப் பிடித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பெரிய எலிக்கும் அதையே செய்து பலர் ஏமாறுகிறார்கள். கூண்டின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, மூன்று நான்கு நாள் உள்ளே தின்று பழக விடுங்கள். அதுவரை கூண்டை இடம் மாற்றாதீர்கள். எலியை விரட்ட வேண்டும் என்று அதே நாளில் பீரோவையும் மூட்டையையும் நகர்த்தி அறையைக் கலைத்துவிட்டால் எல்லாமே அதற்குப் புதிதாகிவிடும். பழைய பாதையும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

ஓட்டையைத் துணியால் அடைப்பது வீண். கம்பி வலையைத் திணித்துச் சிமெண்ட் பூசுங்கள். ஒட்டுச் சுவர் வீடுகளில் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிச் சேர்ந்தே செய்யுங்கள். பிடிபட்டதை அடுத்த தெருவில் விட்டால் அங்கே இருப்பவர்களின் சோற்றுப்பானைக்குத்தான் போகும். எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும்; மழைத் தண்ணீர் தேங்கிய நாட்களில் கையுறை இல்லாமல் கூண்டைத் தொடவே கூடாது.

அத்தை வீட்டில் கூண்டு சிலிண்டருக்கும் டிரம்முக்கும் நடுவே, சுவரை ஒட்டிப் போயிற்று. நான்கு இரவு கதவு கட்டியிருந்தது. ஐந்தாம் நாள் கம்பியை அவிழ்த்தார். விடிவதற்குள் கதவு விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே வைத்திருந்தது அதே மசால்வடைதான்.