கடலோர வீட்டு மர மேசை: போல்ட்டைக் கவனியுங்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் முற்றத்தில் மர மேசை போட நினைப்பவர்கள் இரும்புச் சட்டத்தைச் செட்டாக வாங்கி, பலகையை மட்டும் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் செட்டோடு வரும் போல்ட்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். உப்புக்காற்று முதலில் கைவைப்பது போல்ட்டிலும் துளை விளிம்பிலும்தான். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புக் கறை படியும். துத்தநாகம் பூசிய சட்டத்தை ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாகத் தொட்டால், ஈரத்தில் அந்தப் பூச்சு வேகமாக அரிபட்டுப்போகும். நடுவே நைலான் வாஷர் கொடுங்கள். சட்டத்தில் புதிதாகத் துளையிட்டால் துத்தநாகப் பெயின்ட் தடவிய பிறகே பூட்டுங்கள்.

பலகைக்குத் தேக்கு நல்லது. பனஞ்சட்டம் கூரைக்குத்தான், மேசையில் போட்டால் சிலாம்பு கையில் ஏறும். பலகைகளுக்கு இடையே 5 மி.மீ. இடைவெளி விட்டால் ஐப்பசி மழைநீர் தேங்காது. பலகைத் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், மரம் ஊதிச் சுருங்க இடம் வேண்டும். வெட்டுமுனைகளுக்கு இரண்டு முறை எண்ணெய் பூசுங்கள்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் சட்டத்தைக் கழுவ வேண்டும். குடிக்கவே குடத்தோடு அலையும் ஊரில் இதெப்படி என்கிறீர்களா? நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.