4 டெராபைட் வன்தட்டில் 200 கிகாபைட் உங்களுக்காகக் காத்திருக்கிறது

லினக்ஸ் கணினியில் வீடியோ சேமிக்க மட்டும் ஈஎக்ஸ்டி4 (ext4) என்ற கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில், அமைந்த வன்தட்டு வைத்திருந்தால், 'டியூன்டுஎஃப்எஸ்' (tune2fs) கட்டளையில் 'எம்' (-m) தெரிவுக்கு 0 கொடுங்கள். கல்லடியிலும் மட்டக்களப்பு நகரிலும் கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் ஸ்டூடியோக்காரர்கள், புதுத் தட்டு வாங்கப் போகுமுன் இதைக் கட்டாயம் செய்துபார்க்க வேண்டும்.

ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கிவிடுகிறது. தட்டு நிரம்பினாலும் இயங்குதளம் முடங்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. வெறும் கோப்புக் கிடங்குக்கு அது தேவையில்லை. 4 டெராபைட் தட்டில் அப்படி முடங்குவது 200 கிகாபைட்! மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை, கோப்புகளும் அப்படியே இருக்கும்.

இடம் மிச்சமாகும் என்று பிளாக் அளவை, அதாவது தட்டில் இடம் ஒதுக்கப்படும் சிறு துண்டின் அளவை, 1 கிலோபைட்டாகக் குறைக்காதீர்கள். 4 கிலோபைட் பிளாக்கில் ஒரு கோப்புக்குச் சராசரியாக 2 கிலோபைட்தான் வீணாகும். ஆயிரம் வீடியோவுக்கும் 2 மெகாபைட்தான். மேலும், 32 பிட் பிளாக் எண்களுடன் 1 கிலோபைட் பிளாக் என்றால் கோப்பு முறைமையின் உச்ச அளவே 4 டெபிபைட்டில் (ஒரு டெபிபைட் சுமார் 1.1 டெராபைட்) நின்றுவிடும். 4 கிலோபைட் என்றால் 16 டெபிபைட் வரை போகும்.

இயங்குதளம் இருக்கும் தட்டுப் பகிர்வில் (partition) ஒதுக்கீட்டை 0 ஆக்கவே கூடாது. எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமைகளில் உள்ள தட்டுகளுக்கு இந்தக் கட்டளை பொருந்தாது.