டூர் போற மியூசிக்கலுக்கு செட் போடுறது எப்படி

திருமலையில பாட்டு நாடகம் ஒண்டு போட்டு அதையே மட்டக்களப்பு, வவுனியா எண்டு கொண்டு போகப் போறீங்களெண்டா முதல்ல லொறியை அளவுங்கோ, பிறகு செட்டைக் கீறுங்கோ. நியூயோர்க்கில ஃபாண்டம் ஒஃப் தி ஒபெரா எண்ட பாட்டு நாடகம் 1988 தொடக்கம் 2023 மட்டும் மஜெஸ்டிக் எண்ட ஒரே தியேட்டரிலதான் ஓடினது, அப்பிடி ஒரே இடத்தில நிக்கிற ஷோ எண்டா மேடையை வெட்டிக் கதவு வைக்கலாம், கூரையில மெஷின் பூட்டலாம், ஆனா டூருக்கு அது சரிவராது, எல்லாத்தையும் கழட்டி ஏத்தி அடுத்த ஊரில திரும்பப் பூட்டவேணும். அதால ஆணி வேண்டாம், போல்ட் போடுங்கோ, ஒவ்வொரு தட்டிக்குப் பின்னாலயும் நம்பர் எழுதுங்கோ (சோக்கால எழுதினா அழிஞ்சிடும்). வாத்தியக்காரர்? கீபோர்ட்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் மிச்சப் பேரை அந்தந்த ஊரிலயே பிடிங்கோ, பெரிய டூர்களிலயும் இப்பிடிச் செய்யிறதுதான். ஆடுற பிள்ளைகளை ஷோவுக்கு முன்னம் புது மேடையில ஒருக்கா நடக்க விடுங்கோ.