முதல் புல் ரிக்குவெஸ்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி கம்பஸிலும் கிளிநொச்சி பொறியியல் பீடத்திலும் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கிட்ஹப்பில் ஏதாவது செய்து காட்டினால்தான் இன்டர்ன்ஷிப் கிடைக்குமாம், எங்கே தொடங்குவது?" கிட்ஹப் என்பது, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களின் நிரலைப் பலர் சேர்ந்து எழுதுகிற தளம். அங்கே ஒரு திட்டத்தில் நீங்கள் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு அனுப்புவதுதான் புல் ரிக்குவெஸ்ட். வேலைக்காகத் தொடங்கினாலும் பரவாயில்லை. ஆனால் நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு திருத்தத்தையும் எங்கோ ஒருவர், பல வேளைகளில் சம்பளமே இல்லாமல், தன் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து வாசிக்கிறார். அதை ஏற்றுக்கொண்டால் வருடக்கணக்காகப் பராமரிப்பதும் அவர்தான். புதிதாக வருகிறவர்கள் விடுகிற பிழைகளில் அனேகமானவை அவரை மறந்துவிடுவதால் வருபவை.

இது எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு 2020 அக்டோபரே சாட்சி. திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்க டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் அக்டோபரில் நடத்திய ஹக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்குவெஸ்ட் அனுப்பினால் ஒரு ரீசேர்ட் கிடைக்கும் என்றிருந்தது. ஆயிரக்கணக்கானோர் தாங்கள் ஒருநாளும் பாவித்தே இராத திட்டங்களுக்குள் நுழைந்து, திட்டத்தை அறிமுகப்படுத்துகிற ரீட்மீ கோப்பில் 'அருமையான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். பராமரிப்பாளர்கள் உண்மையான வேலையை விட்டுவிட்டு அவற்றை மூடிக்கொண்டிருந்தார்கள். மாதம் தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே, விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றவேண்டி வந்தது.

ஆகவே எண்ணிக்கைக்காகத் திட்டம் தேடாதீர்கள். தினமும் பாவிக்கிற ஒன்றை எடுங்கள்: ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரேஒஃபிஸ், விஎல்சி, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி. பாவிக்கிற ஆளுக்குத்தான் எது உறுத்துகிறது என்று தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் எழுதப்பட்ட சஹானாவும் அப்படி ஒரு தேவையில் பிறந்ததுதான். காணாமற்போனவர்களைத் தேடவும் முகாம்களைப் பதியவும் உடனடியாக ஒரு மென்பொருள் தேவைப்பட்டது, எழுதினார்கள். பிறகு அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

நாங்கள் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளும் உண்டு. 'கொக்குவில்' என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ'வில் வருகிற ஒகரக் குறியை யூனிகோட்டில், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கிற எண் முறையில், இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, முழுக் குறிக்கும் ஒரே குறியீடு. மற்றது, ஒற்றைக்கொம்புக்கு ஒன்று, அரவுக்கு ஒன்று என இரண்டு குறியீடுகள். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோட்டுக்கு மாற்றிய பழைய கோப்பில் ஒரு விதமும் உங்கள் ஃபோன் கீபோர்ட்டில் மற்ற விதமும் இருந்து, மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், கண்ணுக்கு முன்னால் கிடக்கிற ஊரைத் தேடினாலும் 'கிடைக்கவில்லை' என்றுதான் வரும்.

இதைக் கண்ட உற்சாகத்தில் "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை, தயவுசெய்து திருத்துங்கள்" என்று எழுதி அனுப்புவதுதான் முதல் தவறு. பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அவரது பார்வையில் இரண்டு சொல்லும் ஒன்றுதான். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன தேடினீர்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று எழுதுங்கள். இரண்டு வடிவங்களின் யூனிகோட் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவ்வளவும் இருந்தால் தமிழே தெரியாதவருக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கும். ஆங்கிலம் சரளமில்லை என்று தயங்க வேண்டாம், சின்னச் சின்ன வசனங்கள் போதும்.

எழுதுவதற்கு முன் அதே பிழையை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். மூடிய இஷ்யூக்களையும், அதாவது முடித்துவைத்த பிழைப் பதிவுகளையும் பாருங்கள், ஏன் மூடினார்கள் என்பதில்தான் பல வேளை விடை இருக்கும். பங்களிப்பு விதிகள் என்று தனிக்கோப்பு இருந்தால் அதையும் வடிவாக வாசியுங்கள். சிறிய திருத்தத்தை நேரே அனுப்பலாம். பெரிய மாற்றம் என்றால் முதலில் கேளுங்கள். இரண்டு கிழமை இரவு பகலாக எழுதி முடித்த பிறகு "இது எங்களுக்குத் தேவையில்லை" என்ற பதில் வந்தால் மனம் வெறுத்துப்போகும்.

கேட்பதைப் பொதுவெளியிலேயே கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் பிழையாகக் கேட்டுவிடுவோமோ என்ற கூச்சத்தில் பராமரிப்பாளருக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். அவருக்கு அது கூடுதல் சுமை, அடுத்து வருகிறவருக்கும் பதில் கிடைக்காது. 'சேர்' என்று தொடங்குவதும் எங்கள் பழக்கம். அங்கே இருப்பவர் பெண்ணாக இருக்கலாம், உங்கள் வயது மாணவராகவும் இருக்கலாம். அவர் பாவிக்கிற பெயரைச் சொல்லி அழைத்தால் போதும், மரியாதைக் குறைவாக யாரும் எடுக்கமாட்டார்கள்.

இனித் திருத்தம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுகிற வேலை, பல திட்டங்களில் ஓரிரு வரிதான். ஆனால் உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் தன் பாணிக்கு ஒழுங்குபடுத்திவிடலாம். விண்டோஸில் வரி முடிவுக் குறிகள் மாறி, ஒவ்வொரு வரியும் திருத்தப்பட்டதாகக் காட்டவும் கூடும். இரண்டு வரித் திருத்தம் நானூறு வரிக்குள் புதைந்துபோனால் அதை யாரும் தேடி எடுக்கமாட்டார்கள். அனுப்புவதற்கு முன் வித்தியாசப் பட்டியலை நீங்களே ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். நீங்கள் வேண்டுமென்று மாற்றாத வரி ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வேலையை மெயின் கிளையில், அதாவது நிரலின் முதன்மைப் பிரதியில், செய்யாமல் தனிக்கிளையில் செய்யுங்கள். மாற்றத்தைப் பதியும்போது எழுதுகிற கொமிட் செய்தியில் 'ஃபிக்ஸ்', 'அப்டேட்' என்று மட்டும் போடாமல், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வசனம் எழுதுங்கள்.

திருத்தம் தொடர்ந்து வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கிற சோதனை நிரலை எழுதாமல் விடுவது எங்கள் மொழிக்கு இரட்டை நட்டம். இரண்டு விதக் 'கொக்குவில்'லையும் சோதனையில் சேர்க்காவிட்டால், அடுத்த வருடம் வேறொருவர் அந்த வரியை அழிக்கும்போது ஒருவருக்கும் தெரியாது. அந்தத் திட்டத்தில் தமிழ் வாசிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், உங்களுக்குப் பதிலாகக் காவல் நிற்கப்போவது அந்தச் சோதனைதான்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லவேண்டும். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவுகிற கேர்ல் (curl) திட்டத்தை உருவாக்கிய டானியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதிய பொய்யான பாதுகாப்பு அறிக்கைகள் தங்கள் நேரத்தைத் தின்பதாகப் பலமுறை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சாட்ஜிபிடியிடம் விளக்கம் கேளுங்கள், படியுங்கள். ஆனால் "இந்த வரி எதற்கு?" என்று பராமரிப்பாளர் கேட்டால், மறுபடியும் அதனிடம் போகாமல் பதில் சொல்ல முடியாத நிரலை அனுப்பாதீர்கள். சில திட்டங்கள் இதற்கென்றே விதி வைத்திருக்கின்றன, அதையும் பாருங்கள்.

அனுப்பிய அடுத்த நாளே "என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். இரண்டு கிழமை போகட்டும், பிறகு மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள். பராமரிப்பாளரை நெருக்குவதன் ஆபத்தை கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் (XZ Utils) மென்பொருளின் சம்பவத்தில் உலகமே பார்த்தது. தனியாளாகக் களைத்துப்போயிருந்த அதன் பராமரிப்பாளர் லாசே கொலினுக்கு 2022 இல் அடுக்கடுக்காக அழுத்தம் கொடுத்து, உதவிக்கு வந்தவர் போல ஒருவர் பொறுப்புக்குள் நுழைந்தார். அவர் இரகசியமாக உள்ளே நுழைய வைத்த பின்கதவை 2024 மார்ச்சில் அண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்.

திருத்தம் கேட்டு வருகிற குறிப்புகள் நிராகரிப்பு ஆகாது. ஆர்வமில்லாதவர் பதிலே எழுதமாட்டார். அதே கிளையிலேயே திருத்திப் போடுங்கள், புதிதாக இன்னொரு புல் ரிக்குவெஸ்ட் திறக்காதீர்கள்.

உரிமத்தை அசட்டை செய்யாதீர்கள். ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலைச் சேர்த்து வெளியிடுகிற மென்பொருளும் அதே உரிமத்தில் இருக்கவேண்டும்; ஆகவே அதை எடுத்து, கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத் திட்டத்துக்குள் ஒட்டி எம்ஐடியிலேயே வெளியிட முடியாது. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் கிடக்கிற நிரலுக்கும் உரிமம் உண்டு. கொம்பனியில் வேலை செய்கிறவர் என்றால், நீங்கள் எழுதுகிற நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஃபோன் டேட்டாவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரிய திட்டங்களை முழு வரலாற்றோடு இறக்காதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல் மட்டும் சில ஜிபி வரும். திட்டத்தை உங்கள் கணினிக்குக் குளோன் செய்யும்போது, அதாவது பிரதி எடுக்கும்போது, டெப்த் 1 (--depth 1) என்று கொடுத்தால் கடைசி நிலை மட்டும் இறங்கும்.

இடையில் காணாமற்போகவும் வேண்டாம். ஒரு இஷ்யூவை 'நான் செய்கிறேன்' என்று எடுத்துவிட்டுப் பரீட்சை வந்ததும் மாயமாகிவிட்டால், வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், மாதக்கணக்காக அப்படியே கிடக்கும். நேரமில்லை என்றால் இவ்வளவு செய்திருக்கிறேன், கிளை இங்கே இருக்கிறது, விரும்பியவர் தொடரலாம் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் பரீட்சைக்குப் போங்கள்.