வலைச் செயலி சர்வரில் ஏறாதபோது கோரிக்கை நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சொந்தக் கணினியில் ஒழுங்காக ஓடிய செயலி, சர்வரில் ஏற்றியதும் 502 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டால், நம் கை உடனே அமைவுக் கோப்பை நோக்கித்தான் போகும். தேடிக் கிடைத்த நான்கு தீர்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்த பிறகு, முதலில் இருந்த பிழை எது, நாமே புதிதாகச் சேர்த்த பிழை எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், உலாவியிலிருந்து புறப்படும் கோரிக்கை எந்த வழியாகச் செயலிக்குப் போகிறது என்பதை மனத்தில் வரைந்துகொண்டு, அது எந்த இடம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

லினக்ஸ் சர்வரில் வழக்கமான வழி இதுதான். டொமைன் பெயர் முதலில் ஐபி முகவரியாக மாறுகிறது. அந்த முகவரியின் 443ஆம் போர்ட்டுக்கு (கணினியில் எண்ணிட்ட நுழைவாயில்களில் ஒன்று) வரும் கோரிக்கையை, காவலாக நிற்கும் ஃபயர்வால் உள்ளே விடுகிறது. என்ஜின்எக்ஸ் (nginx) போன்ற முன்னணி சர்வர், அதாவது செயலிக்கு முன்னால் நிற்கும் நிரல், அதை வாங்கி, 3000 அல்லது 8000 போன்ற உள் போர்ட்டில் காத்திருக்கும் செயலியிடம் ஒப்படைக்கிறது. செயலி தரவுத்தளத்தைக் கேட்டுப் பதிலைத் தயாரிக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், திருத்தம் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும்.

பிழைச் செய்தி எந்தக் கண்ணியைக் காட்டுகிறது?

உலாவியில் எண் எதுவுமே வராமல் இணைப்பே கிடைக்கவில்லை என்றால், கோரிக்கை முன்னணி சர்வரையே எட்டவில்லை என்று பொருள். இதிலும் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் அந்தக் கணினியை எட்டிவிட்டோம், ஆனால் அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை. நெடுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்று வந்தால், பெரும்பாலும் ஃபயர்வால் கோரிக்கையைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறது, அல்லது டொமைன் பெயர் தவறான முகவரியைக் காட்டுகிறது. மேகச் சேவைகளில் சர்வருக்குள் ஒரு ஃபயர்வாலும், சேவை தருபவரின் கட்டுப்பாட்டுப் பலகையில் இன்னொன்றும் இருப்பதுண்டு. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

எண் வந்துவிட்டால் நிலைமை நல்லது, ஏனெனில் யாரோ ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். 502 வந்தால் என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள செயலியிடமிருந்துதான் சரியான பதில் வரவில்லை. இந்த நிலையில் என்ஜின்எக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது வீண் வேலை. 504 என்றால் பெரும்பாலும் செயலி கோரிக்கையை வாங்கிக்கொண்டது, ஆனால் குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 60 வினாடி. அந்த நேரத்தைக் கூட்டுவது எளிது என்றாலும், எந்தத் தரவுத்தளக் கேள்வி அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பதே சரியான வேலை. 413 வந்தால், பதிவேற்றிய கோப்பு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது; என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி மட்டுமே. 500 என்பது பெரும்பாலும் செயலிக்கு உள்ளேயே நடந்த விபத்து. அதன் விவரம் செயலியின் லாகில் (நிரல் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) இருக்கும், முன்னணி சர்வரின் அமைவில் தேடினால் கிடைக்காது. முகப்புப் பக்கம் திறக்கிறது, உள்பக்கத்தைப் புதுப்பித்தால் மட்டும் 404 வருகிறது என்றால், அது ஒற்றைப்பக்கச் செயலிகளுக்கே (ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பிலிருந்து எல்லாப் பக்கங்களையும் உலாவியிலேயே காட்டுபவை) உரிய பிழை. கோப்பாக இல்லாத பாதைகளையெல்லாம் முதன்மை ஹெச்டிஎம்எல் கோப்புக்கே திருப்பிவிடும்படி முன்னணி சர்வரில் எழுதிவைத்தால் அது தீர்ந்துவிடும்.

லாகைப் படிப்பது

உலாவியில் தெரிவது சுருக்கம்தான். காரணம் லாகில் இருக்கிறது. என்ஜின்எக்ஸின் பிழை லாகை ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, இன்னொன்றில் பக்கத்தை ஒருமுறை மட்டும் திறந்து, புதிதாக விழும் வரியைப் பாருங்கள். அந்த வரியில் அடைப்புக்குள் வரும் எண் மிகவும் பயனுள்ளது. 111 என்றால் செயலி அந்தப் போர்ட்டில் காத்திருக்கவில்லை. 13 என்றால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. 2 என்றால் குறிப்பிட்ட கோப்போ சாக்கெட்டோ (இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) அந்த இடத்தில் இல்லை. பிழை லாகில் புதிய வரி எதுவும் விழவில்லை என்றால் அணுகல் லாகைப் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், உங்கள் கோரிக்கை இந்தச் சர்வருக்கே வரவில்லை.

செயலியின் பக்கம், லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி (systemd) வழியாக ஓடும் சேவைகளுக்கு ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை லாகைக் காட்டும். அதில் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. சேவை விழுந்து, தானே எழுந்து, மறுபடி விழுந்து, 10 வினாடிக்குள் 5 முறை முயன்றபின் சிஸ்டம்டி இயல்பாகவே கைவிட்டுவிடும். அப்போது கடைசி வரியில் 'மிக விரைவாக மீண்டும் தொடங்கக் கோரப்பட்டது' என்ற பொருளில்தான் செய்தி இருக்கும். உண்மையான காரணம் அதற்கு மேலே, முதல் வீழ்ச்சியின் அருகில் கிடக்கும்.

உள்ளிருந்து வெளியே சோதித்தல்

அடுத்து, சர்வருக்குள்ளேயே நின்றுகொண்டு கோரிக்கை அனுப்பும் கர்ல் (curl) கட்டளையால் செயலியின் உள் போர்ட்டை நேராகக் கேட்க வேண்டும். பதில் வந்தால் செயலி நலமாக இருக்கிறது, குறை அதற்கு முன்னால்தான். வராவிட்டால், எந்த நிரல் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்பதை எஸ்எஸ் (ss) கட்டளையால் பட்டியலிட்டுப் பாருங்கள். அமைவுக் கோப்பில் 8000 என்று எழுதியிருக்க, செயலி 8080இல் காத்திருப்பது அந்தப் பட்டியலில் கண்ணெதிரே தெரியும்.

போர்ட் எண்ணைப் போலவே முகவரியையும் கவனியுங்கள். 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருக்கும் செயலியை அதே கணினிக்குள் இருப்பவர் மட்டுமே அடைய முடியும், 0.0.0.0 என்றால் அக்கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் காத்திருக்கிறது. முன்னணி சர்வர் அதே கணினியில் இருந்தால் முதலாவதே பாதுகாப்பானது. செயலிகளைக் கண்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இது தலைகீழாகிறது. இயல்பான அமைப்பில் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனித்தனி 127.0.0.1 உண்டு. ஆகவே உள்ளே அந்த முகவரியில் காத்திருக்கும் செயலியை, போர்ட்டை வெளியே திறந்துவிட்டிருந்தாலும், வெளியிலிருந்து தொட முடியாது. அதேபோல் செயலிக் கண்டெய்னரின் அமைவில் தரவுத்தளத்தின் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால், அது தன்னையே தேடும். அங்கே தரவுத்தளச் சேவைக்கு வைத்த பெயரைத்தான் எழுத வேண்டும். இது புரியாமல் ஒருமுறை ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நான் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றுவதிலேயே செலவிட்டிருக்கிறேன்.

கையால் ஓடுவது, சேவையாக ஓடாதபோது

முனையத்தில் கட்டளை கொடுத்தால் செயலி ஓடுகிறது, சேவையாகத் தொடங்கினால் விழுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் சூழல் மாறிகள், அதாவது நிரலுக்கு வெளியிலிருந்து தரப்படும் அமைவு மதிப்புகள். நீங்கள் உள்நுழையும்போது ஷெல் (முனையத்தில் கட்டளைகளை வாங்கும் நிரல்) படிக்கும் கோப்புகளைச் சிஸ்டம்டி படிப்பதில்லை. தரவுத்தளக் கடவுச்சொல்லை அந்தக் கோப்புகளில் எழுதி வைத்திருந்தால் சேவைக்கு அது தெரியாது. மாறிகளைத் தனிக் கோப்பில் வைத்து, சேவைக் கோப்பிலிருந்து அதைச் சுட்டிக்காட்டுவதே முறை. நிரலின் பாதையையும் முழுமையாக எழுதிவிடுவது நல்லது.

சேவையின் நிலையைக் கேட்டால் வரும் வெளியேற்ற எண்களும் வழிகாட்டும். 200 என்றால் பணிக் கோப்புறைக்குள் நுழைய முடியவில்லை. 217 என்றால் குறிப்பிட்ட பயனரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 203 என்றால் நிரலை இயக்கவே முடியவில்லை. கோப்பு கண்ணெதிரே இருந்தும் 203 வருகிறதென்றால், அந்தத் தொடக்க ஸ்கிரிப்ட் விண்டோஸில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். விண்டோஸ் வரிமுடிவுக்குரிய கண்ணுக்குத் தெரியாத எழுத்து முதல் வரியின் இறுதியில் ஒட்டிக்கொண்டு, அங்கே குறித்திருக்கும், ஸ்கிரிப்டை இயக்க வேண்டிய நிரலின் பெயரையே மாற்றிவிடும்.

அனுமதிப் பிழைகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 13ஆம் எண்ணைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுப்பது பாதுகாப்பைக் கைவிடுவதாகும், சில வேளைகளில் அதனால் பிழை தீரவும் தீராது. ஒரு கோப்பைப் படிக்க அதன் அனுமதி மட்டும் போதாது. வேர்க் கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பு வரையுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடந்துசெல்லும் அனுமதி சேவையின் பயனருக்கு வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் இல்லக் கோப்புறை 750 (உரிமையாளருக்கும் அவர் குழுவுக்கும் மட்டும்) என்ற அனுமதியோடுதான் உருவாகிறது. அதனால் அதற்குள் வைத்த தளத்தை என்ஜின்எக்ஸால் எட்ட முடிவதில்லை. தளத்தை வேறு பொதுவான இடத்துக்கு மாற்றி, கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று வைத்து, கடவுச்சொல் உள்ள கோப்பை மட்டும் 600 ஆக்கிவிடுங்கள். ரெட்ஹேட் குடும்ப இயங்குதளங்களில் இவை எல்லாம் சரியாக இருந்தும் 13 வந்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கின் தணிக்கை லாகைப் பார்க்க வேண்டும்.

காரணமே தெரியாமல் விழும் சேவைகளுக்கு இரண்டு சோதனைகள் போதும். வெளியேற்ற எண் 137 என்றால் நிரல் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் நினைவகம் தீர்ந்ததால். கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) லாகில் அதற்கான வரி கிடைக்கும். இன்னொன்று வட்டு. இடம் மீதமிருப்பதாகத் தெரிந்தும் எழுத முடியவில்லை என்றால், இலட்சக்கணக்கான சிறு கோப்புகளால் ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாக வட்டில் ஒதுக்கப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கலாம். அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ்

உலாவியில் பூட்டு தெரிகிறது, கர்ல் அல்லது கைபேசிச் செயலி மட்டும் சான்றிதழை ஏற்க மறுக்கிறது என்றால், பெரும்பாலும் இடைநிலைச் சான்றிதழ் (உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைப்பது) இல்லாமல் உங்கள் சான்றிதழை மட்டும் அமைவில் எழுதியிருக்கிறீர்கள். முழுச் சங்கிலி அடங்கிய கோப்பைச் சுட்டிக்காட்டினால் தீர்ந்துவிடும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் குறுகிய காலமே (நெடுங்காலமாக இயல்பாக 90 நாள்) செல்லுபடியாகும் என்பதால், புதுப்பித்தல் தானாக நடக்கும்படி அமைத்தே ஆக வேண்டும். டொமைன் உங்களுடையதுதானா என்று அவர்கள் ஹெச்டிடிபி வழியாகச் சரிபார்க்க 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். தோல்வியுற்ற முயற்சிகளுக்கு வரம்பு இருப்பதால், சோதனைகளை அவர்களுடைய சோதனைத் தளத்திலேயே செய்யுங்கள். டொமைனுக்குப் பழைய ஐபிவி6 முகவரி மறந்துபோய் விடப்பட்டிருந்தாலும் சரிபார்ப்பு தோற்கக்கூடும்.

திருத்தம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ஜின்எக்ஸின் அமைவுச் சோதனைக் கட்டளையை ஓட்டி, அது பிழையில்லை என்று சொன்ன பிறகே மறுஏற்றம் செய்யுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் சர்வரை ஒருமுறை நீங்களே மறுதொடக்கம் செய்து, உள்நுழையாமல், வேறொரு இணைப்பிலிருந்து தளத்தைத் திறந்து பாருங்கள். அப்போது பக்கம் வரவில்லை என்றால், சேவையைத் தொடக்கினீர்களே தவிர, கணினி எழும்போது தானாகத் தொடங்கும்படி இயலுமையாக்கவில்லை.