48கே ஸ்பெக்ட்ரமில் 128கே நினைவகம்: பழைய கேசட்டும் ஓட வேண்டும்

1982-இல் வந்த வீட்டுக் கணினியான சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே-யில் நினைவகத்தைக் கூட்டுவது பெரிய காரியமில்லை. கூட்டிய பிறகும் பழைய கேசட்டுகள் ஓட வேண்டும், அங்கேதான் சிக்கல். ரீசெட் ஆனதும் இயந்திரம் வெறும் 48கே-யாகவே தெரியும்படி வடிவமைக்க வேண்டும்.

வேண்டியவை: ஏஎஸ்6சி1008 எஸ்ரேம் (128கே நினைவகச் சிப்), 74எச்சிடி273 லாட்ச் (எழுதிய பிட்டுகளைப் பிடித்துவைக்கும் சிப்), ஜிஏஎல்16வி8 (நாமே நிரல்படுத்தும் லாஜிக் சிப்), சிப்புக்கு ஒன்றாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு சுவிட்ச். 273-இல் எச்சி வகை வேண்டாம். ஸ்பெக்ட்ரமின் செயலியான இசட்80 தரும் ஹை மின்னழுத்தம் அதற்குப் போதாமல் போகலாம்.

மேல் 32கே-யை அணைக்கும் சிக்னல் பின்புற கனெக்டரில் கிடையாது. அதனால் வெளியே செருகும் பெட்டியாக இதைச் செய்ய முடியாது. அந்த 32கே-யின் சிப்புகளான ஐசி15 முதல் ஐசி22 வரை கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் டேட்டா பஸ்ஸில் அவையும் புதிய எஸ்ரேமும் மோதும். ஐசி6 முதல் ஐசி13 வரையுள்ள 4116 நினைவகச் சிப்புகளைத் தொடாதீர்கள், திரை அங்கேதான் இருக்கிறது. அந்த சாக்கெட்டில் 4164-ஐ அப்படியே செருகினால், அது 5 வோல்ட் எதிர்பார்க்கும் 8-ஆம் காலில் 12 வோல்ட் ஏறி சிப் போய்விடும்.

பக்கம் (16கே நினைவகத் துண்டு) மாற்றும் போர்ட், பிற்பாடு வந்த ஸ்பெக்ட்ரம் 128-இல் உள்ளதைப் போலவே 32765. ஐஓ ரிக்வெஸ்ட், ரைட், ஏ15, ஏ1, லாட்ச்சின் க்யூ5 (டி5-இன் வெளியீடு), சுவிட்ச் ஆகிய ஆறையும் ஜிஏஎல்லில் ஆர் (OR) செய்து, அதையே 273-இன் கிளாக்காகக் கொடுங்கள். டி5-இல் 1 எழுதியதும் அடுத்த ரீசெட் வரை லாட்ச் தானே பூட்டிக்கொள்ளும். சில விளையாட்டுகள் கீழ் பைட்டை மட்டும் 253 என்று வைத்து எழுதும். முகவரியின் 16 பிட்டையும் டிகோட் செய்தால் அவை நின்றுவிடும். பெருமைக்காக முழு டிகோடிங் வேண்டாம். 273-இன் கிளியர் காலை ரீசெட்டோடு இணைத்தால் பக்கம் 0-இல் தொடங்கும்.

எஸ்ரேமின் மேல் முகவரிக் கால்களுக்கு ஜிஏஎல் தர வேண்டியவை:

எம்14 = ஏ15 லோ, அல்லது (ஏ14-உம் க்யூ0-உம் ஹை)
எம்15 = ஏ15 ஹை, அதோடு (ஏ14 லோ அல்லது க்யூ1 ஹை)
எம்16 = ஏ15 லோ, அல்லது (ஏ14-உம் க்யூ2-உம் ஹை)

இதனால் 32768-இல் எப்போதும் பக்கம் 2 இருக்கும். மெமரி ரிக்வெஸ்ட் லோவாக இருக்கையில் ஏ15 ஹை என்றால் எஸ்ரேம் விழிக்க வேண்டும். 16384 முதல் 32767 வரை எழுதும்போதும் விழிக்க வேண்டும், படிக்கும்போது கூடாது. திரை நினைவகத்தின் நகல் பக்கம் 5-இல் சேர்வது இப்படித்தான்.

சோதனை: பிரிண்ட் பீக் 23732+256*பீக் 23733 என்றால் 65535 வர வேண்டும். அடுத்து கிளியர் 49151. இல்லாவிட்டால் பக்கம் மாறியதும் ஸ்டாக் காணாமல் போய் இயந்திரம் தொங்கிவிடும். போக் 30000,77, பிறகு அவுட் 32765,5. இப்போது பீக் 62768 கேட்டால் 77 வர வேண்டும். 255 போன்ற வேறு எண் வந்தால் முதலில் ஜிஏஎல்லின் எஸ்ரேம் சமன்பாட்டைப் பாருங்கள்.

இதில் ஆகாதவையும் உண்டு. பக்கம் 7-ஐத் திரையாகக் காட்ட முடியாது; பக்கம் 5-ஐ 49152-இல் வைத்து எழுதினால் திரையில் தெரியாது. ஏஒய் ஒலி சிப்பும் 128-இன் ரோமும் இல்லை. ஒரு ஃபிரேமுக்கு இங்கே 69888 டி-ஸ்டேட் (செயலியின் கடிகாரத் துடிப்பு), 128-இல் 70908. ஆகவே நேரக்கணக்கை நம்பிய 128 டெமோக்கள் பிசகும். 48கே விளையாட்டு ஏதேனும் அந்தப் போர்ட்டில் தவறி எழுதுகிறது என்று சந்தேகம் வந்தால், சுவிட்சைத் தட்டி ரீசெட் செய்யுங்கள். லாட்ச் பக்கம் 0-ஐ விட்டு நகராது.